முன்னோடிக் காரணிகள்: மூடிய மரபணுவை முதலில் தொடுவது யார்?

#1 வெண்கொக்கு

வணக்கம். முதுகலை உயிரியல் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். அடுத்த மாதம் துறைக் கருத்தரங்கில் பேச வேண்டும். முன்னோடிப் படியெடுத்தல் காரணிகள் என்ற தலைப்பை நானேதான் கேட்டு வாங்கினேன். படிக்கப் படிக்கத் தலை சுற்றுகிறது.

என் சிக்கல் இதுதான். டி.என்.ஏ. ஹிஸ்டோன் புரதங்களைச் சுற்றிக் கிடக்கிறது. மரபணுவை இயக்கும் புரதங்களான படியெடுத்தல் காரணிகளில் பெரும்பாலானவை அப்படிச் சுருண்ட இடத்தில் அமர முடியாது. சுருளைத் தளர்த்தும் நொதிகள் இருக்கின்றன. ஆனால் எந்த இடத்தைத் தளர்த்த வேண்டும் என்பது அவற்றுக்குத் தெரியாது. இடத்தைக் காட்டுவது படியெடுத்தல் காரணி. ஆக, காரணி அமர வேண்டுமென்றால் இடம் திறந்திருக்க வேண்டும். இடம் திறக்க வேண்டுமென்றால் காரணி அமர்ந்திருக்க வேண்டும். இந்த வட்டத்தை உடைப்பவைதான் முன்னோடிக் காரணிகள் என்று எல்லாக் கட்டுரைகளும் சொல்லிவிட்டு அடுத்த பத்திக்குப் போய்விடுகின்றன.

மற்றவற்றால் முடியாதது இவற்றால் மட்டும் எப்படி முடிகிறது? ஓர் உறுப்பு உருவாவதில் இவற்றின் பங்கு என்ன என்பதை ஒரே ஓர் உறுப்பை வைத்துச் சொல்ல முடியுமா? 2022இல் ஈலைஃப் இதழில் வந்த கட்டுரை ஒன்று முன்னோடிகள் என்று தனி வகையே இல்லை என்பதுபோல் பேசுகிறது. அது சரியென்றால் என் தலைப்பே கோவிந்தாவா?

#2 நெய்தல்

வெண்கொக்கு, தலைப்புக்கு ஒன்றும் ஆகாது, பயப்பட வேண்டாம். உறுப்பு என்றால் கல்லீரலை எடுத்துக்கொள்ளுங்கள். இந்தக் கருத்தே அங்கேதான் பிறந்தது.

கல்லீரல் செல்லின் முத்திரைப் பொருள் ஆல்புமின். அந்த மரபணுவை இயக்க ஒரு மேம்படுத்திப் பகுதி இருக்கிறது. மரபணுவிலிருந்து தள்ளி உட்கார்ந்துகொண்டு அதைத் தூண்டும் டி.என்.ஏ. துண்டு. வளர்ந்த கல்லீரலில் அதன் மீது பல காரணிகள் ஒட்டிக் கிடக்கும். இவற்றில் எது முதலில் வந்தது என்பதுதான் 1990களில் கென் ஜாரெட்டின் குழு கேட்ட கேள்வி. அப்போது அவர் பிரௌன் பல்கலைக்கழகத்தில் இருந்தார்.

அவர்கள் சுண்டெலிக் கருவின் அகப்படையை எடுத்துப் பார்த்தார்கள். அதாவது, இன்னும் கல்லீரலாகாத, வெறும் குடலின் ஆரம்பத் திசு. செல்லுக்குள் ஒரு வேதிப்பொருளைச் செலுத்தினால், புரதம் மறைத்திருக்கும் டி.என்.ஏ. எழுத்துகளை அது தொடாது. எந்த இடத்தில் புரதம் இருக்கிறது என்ற தடம் கிடைத்துவிடும். 1996இல் வெளியான முடிவு வியப்பானது. ஆல்புமின் துளியும் உருவாகாத அந்தக் கட்டத்திலேயே மேம்படுத்தியில் இரண்டு இடங்கள் நிரம்பியிருந்தன: ஒன்று ஃபாக்ஸ்ஏ என்னும் காரணிக் குடும்பம் அமரும் இடம், இன்னொன்று கேட்டா குடும்பக் காரணி அமரும் இடம். மற்ற இடங்கள் காலி. கல்லீரல் மொட்டு விடும்போதுதான் அவை நிரம்பின. ஆல்புமினும் அப்போதுதான் தொடங்கியது.

நம் ஊரில் பஸ் கிளம்பும் முன்பே ஜன்னல் வழியாகத் துண்டைப் போட்டு இடம் பிடிப்பதில்லையா, அதுதான் ஃபாக்ஸ்ஏ செய்தது. பஸ்ஸை ஓட்டவில்லை. மரபணு அப்போதும் மௌனம்தான். ஆனால் பின்னால் வருபவர்களுக்கு இடம் உறுதி.

இதில் மாணவர்கள் தவறவிடும் நுணுக்கம் ஒன்று இருக்கிறது. கல்லீரலாக ஒருபோதும் மாறாத முதுகுப்புற அகப்படையிலும் அதே இடங்கள் நிரம்பியிருந்தன! அந்தத் திசுவைச் சுற்றியிருக்கும் அடுக்குகளிலிருந்து பிரித்து வளர்த்தால் அதுவும் ஆல்புமின் உருவாக்கத் தொடங்கியது. ஆக, முன்னோடி தருவது தகுதி. ஆணை வேறிடத்திலிருந்து வருகிறது. வயிற்றுப்புற அகப்படைக்கு அந்த ஆணையைத் தருவது பக்கத்திலேயே உருவாகிக்கொண்டிருக்கும் இதயத்தின் திசு. அது சுரக்கும் எஃப்ஜிஎஃப் என்னும் வளர்ச்சிக் காரணி கல்லீரலைத் தூண்டும் என்று 1999இல் காட்டினார்கள். 2001இல் அதே குழு அதைவிடச் சுவையான ஒன்றைக் காட்டியது: வயிற்றுப்புற அகப்படையை இதயத் திசுவின் சமிக்ஞை இல்லாமல் வளர்த்தால் அது கணையத்தின் பாதையில் போகிறது. ஒரே செல் கூட்டம், இரண்டு உறுப்புகளுக்கும் தயார்.

#3 கரிசல்காட்டான்

அருமை, நெய்தல் அக்கா. ஆனால் இடம் நிரம்பியிருந்தது என்பது உடன் நிகழ்வுதானே? ஃபாக்ஸ்ஏ அங்கே சும்மா உட்கார்ந்திருக்கலாம். அது இல்லாவிட்டால் கல்லீரல் வராது என்று யாராவது காட்டினார்களா?

#4 நெய்தல்

காட்டினார்கள். கிளாஸ் கேஸ்ட்னரின் குழு, 2005, நேச்சர் இதழ். ஃபாக்ஸ்ஏ1, ஃபாக்ஸ்ஏ2 இரண்டையும் அகப்படையில் மட்டும் நீக்கிய சுண்டெலிக் கரு. ஒன்றை மட்டும் நீக்கினால் மற்றது சமாளித்துவிடும், அதனால்தான் இரண்டும். கல்லீரல் மொட்டே எழவில்லை. அதைவிட முக்கியம், அந்த அகப்படையை வெளியே எடுத்து எஃப்ஜிஎஃப்2 கொடுத்தும் பார்த்தார்கள். ஆணை கொடுத்தும் ஆல்புமின் தொடங்கவில்லை. தகுதி என்று நான் மேலே சொன்னது இதைத்தான். உங்கள் உரையில் ஒரே ஒரு படம்தான் காட்ட முடியும் என்றால், வெண்கொக்கு, இந்தச் சோதனையைக் காட்டுங்கள்.

#5 மாங்கொட்டை

இதையெல்லாம் படித்தால் எனக்குக் கல்லீரலில் இருக்கும் கொழுப்பு குறையுமா?

#6 ஆய்வகஎலி

குறையாது, மாங்கொட்டை. நடக்கப் போங்கள்.

வெண்கொக்குவின் முதல் கேள்வியை நான் எடுத்துக்கொள்கிறேன், அது என் துறை. மூடியிருப்பது என்ற சொல்லை நாம் கொஞ்சம் அலட்சியமாகப் பயன்படுத்துகிறோம். ஒரு நியூக்ளியோசோமில் 147 இணை டி.என்.ஏ., எட்டு ஹிஸ்டோன்கள் கொண்ட உருளையை ஏறத்தாழ 1.7 சுற்று சுற்றியிருக்கிறது. 1997இல் அதன் நுண் கட்டமைப்பு வெளியானது. அதைப் பார்த்தால் ஒன்று உடனே தெரியும்: டி.என்.ஏ.வின் ஒரு முகம் ஹிஸ்டோனை ஒட்டியிருக்கிறது, மறு முகம் வெளியே தெரிகிறது. டி.என்.ஏ.வை முழுவதுமாகச் சுற்றி வளைத்துப் பிடிக்கும் காரணிக்கு இங்கே வேலை இல்லை. ஒரு பக்கத்திலிருந்து மட்டும் தொட்டுப் பிடிக்கத் தெரிந்த காரணிக்கு இது தடையே அல்ல.

ஃபாக்ஸ்ஏ அந்த வகை. அதன் டி.என்.ஏ. பற்றும் பகுதியின் வடிவம் 1993இல் வெளியானபோது ஆச்சரியம் காத்திருந்தது. அது இணைப்பு ஹிஸ்டோனின் மையப் பகுதியை அப்படியே ஒத்திருந்தது. இணைப்பு ஹிஸ்டோன் என்பது நியூக்ளியோசோம்களின் வாயிலில் அமர்ந்து குரோமாட்டினை, அதாவது ஹிஸ்டோனும் டி.என்.ஏ.வும் சேர்ந்த சரத்தை, இறுக்கும் புரதம். அதாவது, பூட்டும் புரதத்தின் உருவத்தையே கொண்டு உள்ளே நுழைகிறது திறக்கும் புரதம். 2016இல் ஜாரெட்டின் குழு சுண்டெலிக் கல்லீரலிலேயே பார்த்தபோது, ஃபாக்ஸ்ஏ அமர்ந்த மேம்படுத்திகளில் நியூக்ளியோசோம் போய்விடவில்லை. அது அங்கேயே இருந்தது, ஆனால் அணுகக்கூடியதாக இருந்தது. இணைப்பு ஹிஸ்டோன்தான் விலகியிருந்தது.

சோதனைக் குழாய்ச் சான்று இன்னும் பழையது, 2002. தூய்மைப்படுத்திய ஹிஸ்டோன்களையும் ஆல்புமின் மேம்படுத்தியையும் வைத்து நியூக்ளியோசோம் சரம் கோத்து, இணைப்பு ஹிஸ்டோன் போட்டு இறுக்கினார்கள். செல்லின் எரிபொருளான ஏடிபியை எரித்து வேலை செய்யும் தளர்த்து நொதி எதுவும் அந்தக் குழாயில் இல்லை. ஃபாக்ஸ்ஏவும் கேட்டா4உம் தனித்தனியே அந்தச் சரத்தை அந்த இடத்தில் மட்டும் திறந்தன. சி/ஈபிபி, என்எஃப்1 போன்ற வேறு காரணிகளை விட்டுப் பார்த்தார்கள், திறக்கவில்லை. வெண்கொக்கு, உங்கள் வட்டம் உடைவது இந்தக் குழாயில்தான். நொதி வந்து தளர்த்தும்வரை ஃபாக்ஸ்ஏ காத்திருக்கவில்லை.

எல்லா முன்னோடிகளும் ஃபாக்ஸ்ஏ போல இணைப்பு ஹிஸ்டோன் வேடம் போடுவதில்லை. சாக்ஸ்2 போன்றவை டி.என்.ஏ.வை வளைத்து ஹிஸ்டோனிலிருந்து விலக்குகின்றன. 2020இல் இரண்டு குழுக்கள் அந்தக் கட்டமைப்புகளைக் குளிர் மின்னணு நுண்ணோக்கியில் படம்பிடித்துவிட்டன.

#7 புளியமரம்

எல்லாம் சரி. திருவிழாவில் ஒரு ஆள் கல் எறிந்தாக வேண்டும், நான் எறிகிறேன்.

வெண்கொக்கு சொன்ன 2022 கட்டுரை செயின்ட் லூயிஸ் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் பராக் கோஹனின் குழு செய்தது. அவர்கள் கேட்டது மிக நேரான கேள்வி. ஃபாக்ஸ்ஏ1 முன்னோடி, எச்என்எஃப்4ஏ அதன் பின்னால் வரும் சாதாரணக் காரணி என்கிறீர்கள். சரி, இரண்டுமே இயங்காத ஒரு செல்லை எடுப்போம். எடுத்தது கே562, ரத்தப் புற்றுநோயிலிருந்து வந்த செல் வரிசை. ஒரு வரிசையில் ஃபாக்ஸ்ஏ1 மட்டும், இன்னொன்றில் எச்என்எஃப்4ஏ மட்டும். முன்னோடிக் கோட்பாடு சரியென்றால் எச்என்எஃப்4ஏ தனியாக மூடிய இடத்தில் அமரக் கூடாது. ஃபாக்ஸ்ஏ1 அமரலாம், ஆனால் தனியாகக் கல்லீரல் மரபணுவை இயக்கக் கூடாது.

நடந்தது என்ன? இரண்டும் தனித்தனியே மூடிய இடங்களில் அமர்ந்தன. இரண்டும் திறந்தன. இரண்டும் கல்லீரல் மரபணுக்களை இயக்கின. எந்த இடத்தில் அமரும் என்பதைத் தீர்மானித்தவை அந்த இடத்தில் காரணிக்குப் பிடித்த டி.என்.ஏ. எழுத்துக்கோவை எத்தனை முறை வருகிறது, எவ்வளவு வலுவாகப் பற்றுகிறது என்பவை. அதாவது பழைய, சலிப்பூட்டும் வேதியியல்: பற்றுத்திறனும் செறிவும். முன்னோடி என்ற பட்டம் எதற்கு? துண்டு போட எல்லோருக்கும் தெரிகிறது, நெய்தல். சிலர் ஜன்னலுக்குப் பக்கத்தில் நிற்கிறார்கள், அவ்வளவுதான்.

இன்னொன்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். உண்மையிலேயே மூடிய எதையும் திறக்கும் புரதம் என்றால், ஃபாக்ஸ்ஏ எல்லாச் செல்களிலும் ஒரே இடங்களில் அமர வேண்டும். அப்படி இல்லை. கல்லீரலில் ஓர் பட்டியல், மார்பகச் செல்லில் வேறு பட்டியல்.

#8 ஆய்வகஎலி

புளியமரத்தின் கடைசிப் புள்ளியை ஒப்புக்கொள்கிறேன். அதற்கு நல்ல சான்றும் இருக்கிறது. சாதாரணச் செல்லைத் தண்டுச்செல்லாக மாற்ற யமனாகா 2006இல் பயன்படுத்திய நான்கு காரணிகளை ஃபைப்ரோபிளாஸ்ட் என்னும் இணைப்புத் திசுச் செல்லில் முதல் 48 மணி நேரத்தில் ஜாரெட்டின் குழு பின்தொடர்ந்தது, 2012இல் வந்தது. ஆக்ட்4, சாக்ஸ்2, கேஎல்எஃப்4 மூன்றும் மூடிய குரோமாட்டினில் போய் அமர்ந்தன. சி-மிக் தனியாக அப்படிச் செய்யவில்லை, மற்றவற்றுக்குத் துணை நின்றது. ஆனால் எச்3கே9மீ3 என்னும் வேதிக் குறி பரவிய பெரும் பரப்புகளில் நால்வரும் தோற்றார்கள். முன்னோடிக்கும் நுழைய முடியாத கோட்டை உண்டு. ஃபைப்ரோபிளாஸ்டைத் தண்டுச்செல்லாக மாற்றுவது அவ்வளவு மந்தமாக நடப்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

ஆனால் கே562 சோதனை குறித்து ஒரு கேள்வி. செயற்கையாக ஒரு காரணியைச் செல்லுக்குள் கொட்டினால் செறிவு எகிறும். எகிறிய செறிவில் எச்என்எஃப்4ஏ செய்வதை வைத்து, கருவின் அகப்படையில் அது என்ன செய்யும் என்று சொல்ல முடியுமா?

#9 புளியமரம்

அதே கேள்வியை 2002 சோதனைக் குழாயிடமும் கேட்கலாமே, ஆய்வகஎலி? அங்கே ஃபாக்ஸ்ஏவின் செறிவு யார் வீட்டுச் செறிவு?

#10 நெய்தல்

சண்டை சூடாக இருக்கிறது, நல்லது. ஆனால் இருவரும் செல் வரிசையிலும் குழாயிலும் நின்றுகொண்டு பேசுகிறீர்கள். கேள்வி உறுப்பு வளர்ச்சி பற்றியது. அங்கே காலம் என்ற ஒன்று இருக்கிறது.

புளியமரத்தின் பற்றுத்திறன் வாதத்தை நான் விரட்டப் போவதில்லை. அதை எடுத்துக்கொண்டு என் பக்கம் வைத்துக்கொள்ளப் போகிறேன். சி. எலிகன்ஸ் என்னும் உருளைப்புழுவில் ஃபாக்ஸ்ஏவின் உறவுப் புரதம் பிஎச்ஏ-4. அது இல்லாத புழுவுக்குத் தொண்டையே உருவாவதில்லை. 2002இல் ஜெப் காடெட், சூசன் மாங்கோ இருவரும் சயன்ஸ் இதழில் எழுதியதைப் பாருங்கள். தொண்டையின் மரபணுக்களில் சில முதலில் இயங்குகின்றன, சில தாமதமாக. முதலில் இயங்குபவற்றில் பிஎச்ஏ-4ஐ வலுவாகப் பற்றும் எழுத்துக்கோவை. தாமதமானவற்றில் வலுக்குறைந்தது. வலுக்குறைந்த கோவையை வலுவானதாக மாற்றினால் அந்த மரபணு முன்கூட்டியே இயங்கத் தொடங்கியது. ஒரே ஒரு புரதத்தின் அளவு ஏற ஏற, ஓர் உறுப்பின் கால அட்டவணையே எழுதப்படுகிறது. புளியமரம் சலிப்பூட்டும் வேதியியல் என்று ஒதுக்கியது இது. எனக்கு இதைவிட அழகான ஒன்று வளர்ச்சி உயிரியலில் அதிகம் தெரியாது.

செல்லுக்குச் செல் பட்டியல் மாறுவது ஏன் என்பதற்கும் ஒரு பதில் உண்டு. 2018இல் அலெக்சாண்டர் மைஸ்னரின் குழு ஃபாக்ஸ்ஏ2ஐப் பல செல் வகைகளில் இயக்கிப் பார்த்தது. தான் நிலைத்து அமராத இடங்களிலும் அது மெலிதாகத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தது. கேட்டா4ஐயும் சேர்த்தபோது அவற்றில் சில இடங்களில் உறுதியாக அமர்ந்தது. ஆக, முன்னோடி எங்கும் எட்டிப் பார்க்கும்; கூட்டாளி இருந்தால் தங்கும். 1996இன் அகப்படையில் ஃபாக்ஸ்ஏ இடமும் கேட்டா இடமும் சேர்ந்தே நிரம்பியிருந்தன என்று சொன்னேனே, அது தற்செயல் இல்லை.

முன்னோடி ஒரு தனி இனமா என்றால், எனக்கு அதில் அவ்வளவு அக்கறை இல்லை. ஒரு கருவில், ஒரு கட்டத்தில், ஆணை வருவதற்கு முன்பே மூடிய இடத்தில் போய் அமர்ந்திருப்பது எது? அதை நீக்கினால் ஆணை வந்தும் உறுப்பு வராமல் போகிறதா? அப்படியானால் அந்த இடத்தில், அந்த நேரத்தில், அது முன்னோடி.

#11 நாடிபார்ப்பவர்

மருத்துவன் ஒருவனின் குறுக்கீடு. அளவு பற்றி வாதிடுகிறீர்கள். மனிதர்களிடமே சான்று இருக்கிறது, அதை ஏன் ஒருவரும் சொல்லவில்லை?

கேட்டா6 மரபணுவின் இரண்டு பிரதிகளில் ஒன்று மட்டும் பழுதானால் போதும், சில குழந்தைகள் கணையமே இல்லாமல் பிறக்கிறார்கள். இன்சுலினும் இல்லை, செரிமான நொதியும் இல்லை; பிறந்த உடனேயே சர்க்கரை நோய். பெரும்பாலானோருக்கு இதயக் குறைபாடும் கூடவே வரும். 2012இல் இந்தக் காரணம் தெரியவந்தது. மற்றப் பிரதி நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் பாதி அளவு போதவில்லை. விசித்திரம் என்னவென்றால், சுண்டெலியில் ஒரு பிரதி போனால் கணையம் வந்துவிடுகிறது. கேட்டா4, கேட்டா6 இரண்டையும் சேர்த்து நீக்கினால்தான் கணையம் காணாமல் போகிறது. சுண்டெலியை வைத்து மனித உறுப்பைப் பேசுபவர்கள் இதை மனத்தில் வைத்துக்கொள்வது நல்லது. அதேபோல் கேட்டா4இன் ஒரு பிரதியில் பிழை இருந்த குடும்பங்களில் இதய அறைகளுக்கு இடையே ஓட்டை இருந்ததை 2003இல் கண்டார்கள்.

பெரியவர்களிடத்திலும் இவை ஓய்வெடுப்பதில்லை. ஈஸ்ட்ரோஜன் ஏற்பியால் வளரும் மார்பகப் புற்றுநோயில் அந்த ஏற்பி டி.என்.ஏ.வில் அமர ஃபாக்ஸ்ஏ1 வேண்டும். ஃபாக்ஸ்ஏ1ஐக் குறைத்தால் ஏற்பி தன் பெரும்பாலான இடங்களை இழக்கிறது. புராஸ்டேட் புற்றுநோயிலோ ஃபாக்ஸ்ஏ1 மரபணுவே அடிக்கடி மாற்றமடைந்திருக்கிறது. கருவில் உறுப்பைத் தொடங்கிய அதே ஏற்பாட்டைக் கட்டி பிற்பாடு தன் வேலைக்கு எடுத்துக்கொள்கிறது.

#12 கரிசல்காட்டான்

நாடிபார்ப்பவர் சொன்னதிலிருந்து ஒரு கேள்வி. கல்லீரல் உருவாகி முடிந்த பிறகு ஃபாக்ஸ்ஏ தேவையா? கதவு திறந்தாகிவிட்டது, இனி மற்றவர்கள் பார்த்துக்கொள்ள மாட்டார்களா? செல் பிரியும்போது குரோமோசோம் இறுகிவிடுமே, அப்போது இவை எங்கே போகின்றன?

#13 ஆய்வகஎலி

முதல் கேள்விக்கு 2020இல் கேஸ்ட்னரின் குழு பதில் தந்தது. வளர்ந்த சுண்டெலியின் கல்லீரலில் ஃபாக்ஸ்ஏ1, 2, 3 மூன்றையும் நீக்கினார்கள். கல்லீரல் செயலிழந்து எலிகள் இறந்தன. மேம்படுத்திகளில் நியூக்ளியோசோம்கள் திரும்பி வந்தன. எச்என்எஃப்4ஏ தன் இடங்களை இழந்தது. புளியமரம் கவனிக்க: கே562இல் தனியாக நின்ற அதே எச்என்எஃப்4ஏ தன் சொந்த ஊரில், தன் இயல்பான அளவில், ஃபாக்ஸ்ஏ போனதும் பல இடங்களில் தாக்குப்பிடிக்கவில்லை.

செல் பிரிவு பற்றி: ஃபாக்ஸ்ஏ1 இறுகிய குரோமோசோமிலும் ஒட்டிக்கொண்டிருக்கும் என்று 2013இல் காட்டினார்கள். பிரிவு முடிந்ததும் கல்லீரல் மரபணுக்கள் விரைவாக மீண்டும் தொடங்க அது உதவுகிறது. எல்லாக் காரணிகளும் அப்போது உதிர்ந்துவிடும் என்பது பழைய பாடம்.

#14 மருதம்

நான் வேளாண்மைப் பக்கம். விலங்குகளை மட்டுமே பேசுகிறீர்களே என்று ஒரு சின்னக் குறை. அராபிடாப்சிஸ் செடியில் இலை விட்டுக்கொண்டிருக்கும் குருத்தைப் பூவுக்குத் திருப்பும் லீஃபி புரதமும் இப்படித்தான் வேலை செய்கிறது. பூவின் முக்கிய மரபணுவான ஏபி1இல் நியூக்ளியோசோம் மீதே போய் அமர்ந்து, இணைப்பு ஹிஸ்டோனை விலக்கி, பிறகு தளர்த்து நொதிகளை வரவழைக்கிறது. 2021இல் வந்த இந்த ஆய்வு டோரிஸ் வாக்னரின் குழுவுடையது. அவரும் பென்சில்வேனியா பல்கலைக்கழகம், ஜாரெட் இப்போது இருப்பதும் அங்கே, கேஸ்ட்னரும் அங்கே. காற்றில் ஏதோ இருக்கிறது போலும்.

#15 மட்டுறுத்துநர்

தொப்புள்கொடிச் செல் வங்கி விளம்பரம் ஒன்று இந்த இழையில் இடப்பட்டிருந்தது, நீக்கிவிட்டேன். தாவரங்கள் பற்றி விரிவாகப் பேச விரும்புவோர் தனி இழை தொடங்கவும்.

#16 புளியமரம்

ஆய்வகஎலி, 2020 ஆய்வு எனக்குத் தெரியும். மூன்று ஃபாக்ஸ்ஏவும் போன கல்லீரல் நோயுற்ற கல்லீரல். அங்கே எச்என்எஃப்4ஏ இடம் இழந்தது ஃபாக்ஸ்ஏ இல்லாததாலா, செல்லே சீர்குலைந்ததாலா? ஃபாக்ஸ்ஏவைச் சில மணி நேரத்துக்குள் சிதைத்து உடனே பார்க்கும் முறைகள் இப்போது இருக்கின்றன. நாள்கணக்கில் காத்திருக்காமல் அப்படிப் பார்த்த விடைதான் எனக்கு எடுபடும்.

ஆனால் நெய்தல் கடைசியில் சொன்ன வரையறையோடு எனக்குப் பெரிய சண்டை இல்லை. இடம், நேரம், அளவு மூன்றையும் சொல்லிவிட்டு முன்னோடி என்று அழைத்தால் அழைத்துக்கொள்ளுங்கள். இது முன்னோடி, அது இல்லை என்று புரதங்களுக்குச் சாதிச் சான்றிதழ் கொடுப்பதைத்தான் எதிர்க்கிறேன்.

#17 வெண்கொக்கு

எல்லோருக்கும் நன்றி. உரையின் வரிசை இப்போது தெளிவாகிவிட்டது. அகப்படையில் 1996இன் தடங்கள், எஃப்ஜிஎஃப் கொடுத்தும் எழாத கல்லீரல், 2002இன் சரம், பிறகு கே562, அதன் பின் புழுவின் தொண்டை. கேட்டா6 குழந்தைகளை முன்னுரையில் வைக்கலாமா அல்லது புழுவுக்குப் பிறகா என்று யோசிக்கிறேன். பேராசிரியர் மருத்துவக் கல்லூரியிலிருந்து வந்தவர், முதலிலேயே வைத்தால் நிமிர்ந்து உட்காருவார்.

#18 நெய்தல்

புழுவுக்குப் பிறகு வையுங்கள். அளவு முக்கியம் என்று புழு சொன்ன பிறகுதான் பாதி அளவு ஏன் போதவில்லை என்ற கேள்வி அவர்களுக்கு உறைக்கும். அத்துடன், சுண்டெலியில் ஏன் போதுகிறது என்று யாராவது கட்டாயம் கேட்பார்கள். கேட்டா4 ஈடுகட்டுவது ஒரு பாதி விடை. மனிதக் கருவில் அது ஏன் ஈடுகட்டவில்லை என்பதற்கு ஒரு படம் தயாராக வைத்துக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் புளியமரம் போன்ற ஒருவர் முன்வரிசையில் உட்கார்ந்திருப்பார்.

#19 புளியமரம்

தேதியும் இடமும் சொன்னால் நேரிலேயே வந்துவிடுகிறேன்.